சகலை வீட்டுப் பக்கம் சரிவு

முதலில் ஒரு டீ சொல்லுங்கள் சார், சர்க்கரை கம்மியாக. வெறும் தண்ணீர் விஷயம்தான், ஆனாலும் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

நான் மாநகராட்சியில் மழைநீர் வடிகால் இன்ஜினியர். யாராவது புதிதாகக் கட்டடம் கட்டினால், அதன் மேல் விழுகிற மழை எங்கே போகும் என்று பார்த்து ஒப்புதல் தருவது என் வேலை. மழைநீர் வேறு, சாக்கடை வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற இந்த விஷயம் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் தோளில் கையைப் போட்டு, "இவர்தான் நம்ம சாக்கடை இன்ஜினியர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நான் வாயைத் திறந்தாலே அந்த மனிதருக்கு இளக்காரம். வீட்டில் தரைக்குக் கீழே ஓர் அறை தோண்டி, படம் பார்க்கப் பெரிய திரை மாட்டப் போவதாகச் சொன்னார். "பள்ளமான இடம் சகலை, வேண்டாம்" என்றேன். "நீங்க உங்க குழாயைப் பாருங்க" என்றார். பாயசம் பரிமாற வந்த பெண்கூடச் சிரித்தாள்.

அவர் வீட்டுக்கு முன்னால், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு காலி மனை கிடந்தது. மனையின் பின்பக்கம் அவர் வாசலைப் பார்த்தபடி இருக்கும். அதில் அடுக்குமாடி கட்ட பைல் வந்தது. நான் தேடிப் போகவில்லை சார், அதுவாக என் மேசைக்கு வந்தது.

பில்டர் பயந்த சுபாவம். மொட்டைமாடித் தண்ணீரை எல்லாம் பிடித்து வைத்து, தெரு வடிகாலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற மாதிரி வரைபடத்தில் பூமிக்கடியில் பெரிய தொட்டி போட்டிருந்தார். பார்க்கவே ஆசையாக இருந்தது.

"இவ்வளவு பெருசு எதுக்கு? பாதி போதும்" என்றேன்.

பேந்தப் பேந்த விழித்தார். "ஒரு ஆபீசர் கொறைக்கச் சொல்லி இப்பதான் சார் கேக்கறேன். நெரம்பிடுச்சுன்னா?"

"வழியட்டும். பின்பக்கமா சரிவு குடுத்துடுங்க."

"பின்னால ஒரு வீடு இருக்கே சார்?"

"அவங்க நம்ம சொந்தக்காரங்கதான்."

நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, பாவம், விட்டுவிடுங்கள். நானும் அப்போது பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. சகலை அதற்குள் தோண்டி முடித்திருந்த அந்தக் கீழறையில் கம்பளம் கொஞ்சம் நனையட்டும் என்றுதான் நினைத்தேன்.

கட்டடம் எழும்பியது, குடி வந்தார்கள். ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் தனியாக இருந்த சகலை எனக்கு போன் செய்தார்.

"முன்பக்கத்துக் கட்டடத்துலேர்ந்து தண்ணி கொட்டுது சகலை. கீழ ரூம்ல சாமான் பூரா இருக்கு. எறங்கி எடுக்க நேரம் இருக்கா? நீங்கதான் சொல்லணும்."

நீங்கதான் சொல்லணும். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. உண்மையாகவே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த அறையின் கதவு, வாசலிலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டுப் பக்கம் திறப்பது. படியில் தண்ணீர் நின்றுவிட்டால் உள்ளே இருந்து எப்பேர்ப்பட்ட பயில்வானாலும் தள்ள முடியாது. தொட்டி வழிந்தால் அந்தப் படி எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று எனக்குத் தெரியாதா? சரிவு கொடுக்கச் சொன்னவனே நான்தானே.

"ஏகப்பட்ட நேரம் இருக்கு சகலை" என்றேன். "கதவை நல்லா சாத்திக்குங்க, தண்ணி உள்ள வராது. நிதானமா எடுங்க."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போனை வைத்தார்.

எழுதிக்கொள்ளுங்கள் சார், கொன்றது நான்தான். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: எங்கள் ரெண்டு பேருக்குள் இப்போது எந்த மனத்தாங்கலும் இல்லை.