நான் சுட்டது மூன்று முறை

பெயர்: வெர்னா ஸ்டாடர்ட். வயது: 53. கணவர் லைல் ஸ்டாடர்ட், காலமாகிவிட்டார். விலாசம்: எண் 418, குவாரி சாலை, கால்டர் ஃபோர்க், டெல்வின் கவுண்டி, மிசௌரி மாநிலம். தொழில்: கால்டர் ஃபோர்க் உயர்நிலைப் பள்ளி உணவுக்கூடத்தில் தலைமைச் சமையல்காரர். ஏப்ரல் 9, புதன்கிழமை காலை 10.20 மணிக்கு மாநிலக் காவல் புலனாய்வுப் பிரிவு அலுவலகத்தில், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையை எடுத்துச் சொன்ன பிறகும் வேண்டாம் என்று மறுத்து, தானாக முன்வந்து சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். மேற்படி பள்ளியில் இருபத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறேன். இந்த ஊரில் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிப் பேர் என் கையால் மதியச் சாப்பாடு வாங்கித் தின்றவர்கள். என் கணவரின் .38 ரிவால்வரை அவர் இறந்த பிறகு கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். பள்ளிக்குள் துப்பாக்கி கொண்டுவர எனக்கு அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை பகல் 11.35 மணிக்கு முதல் பந்திப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அப்போது கூடத்தின் வாசல் பக்கம் படபடவென்று சத்தம் கேட்டது. தட்டுகள் சரிந்து விழுந்தன என்று நினைத்து, "யார்டா அது, பொறுக்கி வச்சுட்டுப் போங்க" என்று நான் உள்ளிருந்து சத்தம் போட்டேன். அதன் பிறகு பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, போன வருடம் படிப்பைப் பாதியில் விட்ட கோரி ஹாட்லி, வயது 18, நீளத் துப்பாக்கியைத் தோளில் அணைத்தபடி மேஜைகளுக்கு நடுவே நடந்து வந்து சுட்டுக்கொண்டிருந்தான். ஓடவில்லை, கத்தவில்லை. பால் எடுக்க நின்ற ஐசக் பெக்கர் என்ற மாணவனை முகத்தில் சுட்டான். ஐசக் விழுந்த இடத்தில் இன்னொரு பெண்பிள்ளை வழுக்கி விழுந்தாள், அவளை முதுகில் சுட்டான். மேஜைக்கு அடியில் இருந்த இருவரைக் குனிந்து பார்த்துச் சுட்டான். நான்கு பேரும் அங்கேயே இறந்தார்கள்.

அதன் பிறகு சமையலறைப் பக்கம் ஓடிவந்த பதினோரு பிள்ளைகளை மளிகை அறைக்குள் தள்ளி, அலமாரியைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுவிட்டு, கைப்பையிலிருந்து ரிவால்வரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குத் திரும்பினேன். கோரி பன்னிரண்டு அடி தூரத்தில் தோட்டாப் பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தான். நான் "கோரி" என்று கூப்பிட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "மிஸ் வெர்னா, நீங்க உள்ள போங்க" என்றான். நான் சுட்டேன். முதல் குண்டு சாலட் தட்டுகளில் பட்டுச் சிதறியது. இரண்டாவது குண்டு அவன் கழுத்தில் பட்டது. துப்பாக்கி அவன் கையைவிட்டு நழுவி மேஜைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அவன் முட்டி போட்டு, இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். விரல் இடுக்கில் ரத்தம் பீய்ச்சியது.

அதன் பிறகு நான் மூன்றாவது முறை சுட்டேன். அவன் கையில் அப்போது எதுவும் இல்லை. ஏன் சுட்டீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, ஐசக் கிடந்த கிடையைப் பார்த்துவிட்டுச் சுட்டேன் என்று சொல்கிறேன். அந்தக் குண்டு கோரியின் மேல் படவில்லை. அவன் தலைக்கு மேலாகப் போய், கூடத்துக்கும் வாத்தியக் கருவிகள் அறைக்கும் நடுவே இரண்டு வருடங்களுக்கு முன் வைத்த அட்டைப் பலகைச் சுவரில் பட்டது. கோரி பக்கவாட்டில் சாய்ந்து, சில நிமிடங்களில் இறந்தான்.

அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது. நான் நடைபாதை வழியாகச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டி, என் பெயரைச் சொல்லித் திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை. சாவிக்கொத்தை வைத்துத் திறந்தேன். பிரியெல் ஆக்டன், வயது 15, மடியில் கிளாரினெட் பெட்டியுடன் சுவரோரம் முன்பக்கம் சரிந்து உட்கார்ந்திருந்தாள். குண்டு முதுகில் ஏறி மார்பு வழியாக வெளியே வந்திருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு விரல் நுழையும் அளவு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கூடத்தின் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. நான் தோளில் கிடந்த பாத்திரத் துணிகளை மடித்து இரு பக்கமும் அழுத்திப் பிடித்தேன். அவள், "மிஸ் வெர்னா, அவன் போயிட்டானா?" என்று கேட்டாள். "போயிட்டான்டா கண்ணு" என்றேன். "ரொம்பக் குளிருது" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆறு அல்லது ஏழு நிமிடம் உயிரோடு இருந்தாள். கோரி அந்த நடைபாதைக்கு வரவே இல்லை.

அதன் பிறகு ஷெரிஃப் மெரில் ஹென்ஷா மற்ற காவலர்களுக்கு முன்னால் தனியாக அந்த அறைக்குள் வந்தார். நான் சுவரைக் காட்டி, "இது என்னோடது, ஷெரிஃப்" என்றேன். அவர் ஓட்டையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பிறகு என் ரிவால்வரை வாங்கித் திறந்து வெற்றுத் தோட்டா ஒன்றை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ரெண்டு தடவதான் சுட்ட, வெர்னா. கேக்குதா? வெளியில நானூறு அப்பா அம்மா நிக்கிறாங்க. இன்னைக்கு இந்த ஊருக்குன்னு ஒரே ஒரு நல்ல சேதிதான் இருக்கு. அதையும் கெடுத்துராத" என்றார். சுவரைத் துளைத்த குண்டு பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். அன்று மாலை இரண்டு முறை சுட்டதாக எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை, தொலைக்காட்சியில் அரசியல் நிகழ்ச்சி நடத்தும் கார்வின் ஸ்லேட் தன் ஆட்களோடு என் வீட்டுக்கு வந்தார். என்னைச் சமையல் மேலங்கி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். துவைத்ததைக் கட்டியபோது, ஒரு பெண் வந்து, "கொஞ்சம் கறை பட்டது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். ஸ்லேட் கேமரா முன்னால், "பிரியெல் கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டார். நான், "எங்கப்பாகிட்ட சொல்லுங்க, அவர எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு சொன்னா" என்று சொன்னேன். அது நான் இட்டுக்கட்டியது.

அதன் பிறகு துப்பாக்கிச் சங்கத்தார் என் படம் போட்ட பனியன்கள் அச்சிட்டார்கள். பள்ளி ஊழியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள மாநிலச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதாவுக்கு வெர்னா சட்டம் என்று பெயர் வைத்தார்கள். துப்பாக்கியே கூடாது என்பவர்களின் சேனலிலிருந்தும் தினமும் கூப்பிட்டார்கள். நான் ஒரு முறையாவது அழுதுவிட்டு, துப்பாக்கியைத் தொட்டிருக்கவே கூடாது என்று சொன்னால் போதும் என்றார்கள். அவர்களிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. பிரியெலின் தகப்பனார் வேட் ஆக்டன், வயது 41, வேட்டைச் சாமான் கடை வைத்திருப்பவர், எல்லாக் கூட்டங்களிலும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்து, "என் பொண்ணக் கொன்னவன இந்தக் கைதான் கொன்னுச்சு" என்று கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டுவார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 3, வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு கவுண்டி விளையாட்டரங்கில் ஸ்லேட் நடத்திய நேரடி விவாதத்தில் எங்களை மேடையில் உட்கார வைத்தார்கள். எனக்கு வலது பக்கம் வேட், இடது பக்கம் ஐசக்கின் தகப்பனார் நோலன் பெக்கர். நோலன் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கும் பக்கத்தவர். பேச்சு முற்றியது. வேட், "உன் பையன் செத்த துக்கத்த வச்சு எங்க வீட்டுத் துப்பாக்கியப் பிடுங்கப் பாக்குறியா நோலன்? உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். நோலன், "எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல. ஐசக்க எந்தத் துப்பாக்கி சுட்டதுன்னு எனக்கு அறிக்கை குடுத்துட்டாங்க. மத்த மூணு வீட்டுக்கும் குடுத்துட்டாங்க. உனக்கு மட்டும் ரெண்டு மாசமா ஏன் வரல? அத ஷெரிஃப்கிட்ட கேட்டியா?" என்றார். கேட்டுவிட்டு அவர் வேட் பக்கம் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

உடனே வேட் எழுந்து ஒலிவாங்கித் தாங்கியைத் தூக்கி, என் தலைக்கு மேலாக வீசி நோலனின் தாடையில் அடித்தார். நோலன் நாற்காலியோடு சாய்ந்தார். வேட் மேலே ஏறி நின்று, அதன் இரும்பு அடிப்பாகத்தால் முகத்தில் இரண்டு முறையும் காதுக்கு மேல் ஒரு முறையும் அடித்தார். எலும்பு உடைந்த சத்தம் ஒலிபெருக்கியில் அரங்கம் முழுக்கக் கேட்டது. ஸ்லேட் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்து நின்று, "நிறுத்தாதீங்க, கேமராவ நிறுத்தாதீங்க" என்று சொன்னதை நான் கேட்டேன். நோலனின் பல் ஒன்று என் மடியில் விழுந்தது. அவர் இன்றுவரை கண் திறக்கவில்லை. அந்தக் காட்சியை இரண்டு பக்கத்துச் சேனல்களும் காலை, மதியம், இரவு என்று போட்டன. ஒரு பக்கம் வேட் பாவம் என்றது, மறு பக்கம் வேட் மிருகம் என்றது. வேட் ஆக்டனைக் கைது செய்து, வீட்டிலிருந்த துப்பாக்கிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஜாமீனில் விட்டார்கள்.

அதன் பிறகு இன்று காலை 7.30 மணிக்கு நான் வேட் வீட்டுக்குப் போனேன். வேட்டும் அவர் மனைவி ஷெல்பியும் சமையலறையில் இருந்தார்கள். காபி ஊற்றவா என்று ஷெல்பி கேட்டார். நான் உட்காராமல், மூன்றாவது குண்டைப் பற்றியும் சுவரைப் பற்றியும் ஷெரிஃப் செய்ததைப் பற்றியும் இங்கே சொன்ன அதே வரிசையில் சொன்னேன். வேட் அசையாமல் கேட்டார். முடித்ததும், "சரி. அப்பாகிட்ட சொல்லுங்கன்னு அவ சொன்னாளே, அது?" என்று கேட்டார். "அது நான் சொன்னது, வேட். அவ சொல்லல" என்றேன்.

அப்போதுதான் அவர் என் கழுத்தைப் பிடித்தார். என்னைக் குளிர்பெட்டியோடு அழுத்தித் தரையிலிருந்து தூக்கினார். எனக்குக் கண் இருட்டியது. ஷெல்பி, "விடு வேட், விடு, அவங்க செத்துருவாங்க" என்று கத்தி, அவர் விடாததால் கொதிக்கும் காபிக் கண்ணாடிக் குடுவையை அவர் முதுகில் அடித்து உடைத்தார். அவர் கை விட்டது. என் கழுத்தில் அதிகாரி பார்க்கும் தடங்கள் அவருடைய விரல்கள். அதைப் பற்றி நான் புகார் கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஷெல்பி தரையில் என் எதிரே, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மிஸ் வெர்னா. நீங்கதான் சுட்டீங்கன்னு அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. நான் காப்பாத்த வந்தேன்னு நெனச்சா" என்றேன்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார். அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. என்னைத் தொடவும் இல்லை.

அதன் பிறகு வேட் வண்டிச் சாவியை எடுத்து, "ஏறு" என்றார். எங்கே என்று கேட்காமல் ஏறினேன். நாற்பது மைல் தூரம் அவர் முதுகை இருக்கையில் சாய்க்காமல் ஓட்டினார். இந்த அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் வாய் திறந்தார். "டிவிக்காரனுக்குச் சொன்ன மாதிரி சொல்லாத. நடந்ததச் சொல்லு" என்றார். இப்போது வெளியே நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மருத்துவமனைக்குப் போக மறுக்கிறார். இந்தத் தாளை வேறு யாருக்கும் கொடுக்கும் முன்னால் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் எழுந்து உள்ளே வந்தால் யாரும் அவரைத் தடுக்க வேண்டாம். எனக்குப் பாதுகாப்பு வேண்டாம்.

பிப்ரவரி 11 அன்று ஷெரிஃப் அலுவலகத்தில் நான் கையெழுத்திட்டது பொய். இன்று சொன்னது முழுவதும் நடந்தது நடந்தபடி. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்)
வெர்னா ஸ்டாடர்ட்
ஏப்ரல் 9, பகல் 12.05