இரண்டு மிதி, இரண்டு வசனம்

மேடையின் நடுவில் வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே, இந்தப் பள்ளியின் தாளாளரும் பள்ளி வேனின் உரிமையாளருமான தங்களுக்கு முதல் வணக்கம். வலப்பக்கம் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, இடப்பக்கம் தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் வேன் ஓட்டுநரே, அதாவது என் வீட்டுக்காரரே! ஒருவரையும் விடவில்லை. "நான் அன்றைக்கு அங்கே இல்லையே" என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மைக்கை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, 'பேசுவதா, மௌனமா?' பட்டம் வாங்கியவள் அல்ல நான். உலை கொதிக்கிற நேரத்தில் வேதத்தை விரித்து எழுத்துக்கூட்டிப் படித்தவள். வாயைக் காக்கிறவன் தன் உயிரைக் காக்கிறான் என்கிறது வேதம். சில பக்கம் தள்ளி, வாயில்லாதவனுக்காக உன் வாயைத் திற என்கிறது அதே வேதம். மூடு என்றும் கட்டளை, திற என்றும் கட்டளை! எதைக் கேட்பது? எதை விடுவது? ஆண்டவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவாரா?

போன வாரம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் என் வீட்டுக்காரரின் வலதுகால் தரையை மிதித்தது. ஒரு மிதி. இன்னொரு மிதி.

"என்னங்க, காலு என்ன பண்ணுது?"

"பழக்கம்டி. வேன்ல முதல் மிதிக்கு பிரேக் அப்படியே இறங்கிடுது. ரெண்டாவது மிதிச்சாத்தான் பிடிக்குது."

"தாளாளர் ஐயாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'ரெண்டு தடவ மிதிச்சா கால் தேஞ்சிடுமா? லீவுல பாத்துக்கலாம்'னார்."

"ரெண்டாவதும் பிடிக்கலன்னா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "நீ வாயத் திறந்தா என் வேலை போயிடும். சும்மா இரு."

சும்மா இருந்தேன். பள்ளிக்குப் போகிற இறக்கம் உங்களுக்குத் தெரியும். இறக்கத்தின் அடியில் ரயில்வே கேட். காலையில் வேன் ஹாரன் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன்; கேட்கத் தாமதமானால் தெருமுனைக்கே ஓடுகிறேன். ஜன்னலில் பிஞ்சுக் கைகள் எனக்கு டாட்டா காட்டுகின்றன. நானும் காட்டுகிறேன். காட்டிவிட்டு உள்ளே வந்து அழுகிறேன்.

தாய்மார்களே, உட்காருங்கள். முடித்துவிடுகிறேன். தலைமையாசிரியை அம்மா, மணியை அடிக்காதீர்கள்.

அந்தப் பயத்தோடுதான் வேதத்தை மறுபடி திறந்தேன். தம்மைக் குற்றஞ்சாட்டியபோது இயேசு வாய் திறக்கவில்லை. கூன் விழுந்த பெண்ணை ஓய்வுநாளில் நிமிர்த்தியதற்கு ஜெப ஆலயத் தலைவன் சீறியபோதோ, சபை நடுவே அவனைக் கண்டித்தார். தமக்கென்றால் மௌனம், பிறர்க்கென்றால் முழக்கம்! முரண் வசனத்திலா இருக்கிறது? என்னிடத்தில் இருக்கிறது. சம்பளத்தைக் காக்க மூடிய வாய்க்குப் பொறுமை என்று பேர் வைத்தவள் நான்.

அதோ, என் வீட்டுக்காரர் எழுந்து நிற்கிறார். முகம் வெளுத்திருக்கிறது. "அவ சொல்றது நிஜம்தான்" என்கிறார். கேட்டதா உங்களுக்கு? எனக்குக் கேட்டது.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, தாழ்மையான வணக்கம். தலைவர் ஐயா, நாளைக் காலையில் அந்த வேன் ஓடுமா, ஓடாதா? கூட்டம் கலைவதற்குள் சொல்லிவிடுங்கள்.