பதினாறடிக் குழாய்

மாடிப்படிகளை மேலிருந்து கீழாகத்தான் துடைக்க வேண்டும். கீழிருந்து தொடங்குகிறவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே மிதித்துக்கொண்டு ஏறுவார்கள். டென்மார்க்கில், விபோர்க் நகரின் அந்தப் பெரிய பல்பொருட்கடையில் ஆறு வருடங்கள் படி துடைத்தேன். ஒரு நாளும் முறை மாற்றியதில்லை. பிரியந்தி, நீங்கள் எழுதித் தரச் சொன்னதையும் அப்படி ஒழுங்காகவே எழுதப் பார்க்கிறேன்.

நீங்கள் சட்டத்தரணியின் அலுவலகத்துக்காகத் தமிழ் அகதிகளின் வழக்குக்குத் தகவல் சேர்க்கிறீர்கள். மனைவி பிள்ளைகளை அழைக்க விண்ணப்பம் கொடுத்துவிட்டு, இந்த நாடு தாமதித்ததால் அவர்களை இழந்தவர்களின் பட்டியலில் அந்தோனிதாசனின் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். பிறகு அவருடைய கோப்பின் பிரதியைப் பார்த்துவிட்டு, எண்பத்தொன்பதாம் ஆண்டில் அவருக்கு இரண்டு கடிதங்கள் போயிருக்கின்றனவே, அவை எங்கே என்று என்னிடம் கேட்டீர்கள். தபாலில் தொலைந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் யாழ்ப்பாணம் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், பதினேழு வருடம் லிகிதராக இருந்தவன். வாயால் எதையும் சொல்லலாம். பொய்யை எழுதிக் கீழே பஸ்தியாம்பிள்ளை என்று கையொப்பம் வைக்க எனக்குக் கை வராது.

அந்தக் கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் கண்ணாடிக் கூரை வரை திறந்த மண்டபம். பின்சுவரை நிறைத்து நிற்கிறது, பெரிய தேவாலயங்களில் இருப்பதுபோல, காற்றில் ஊதும் ஓர்கன். கடையைத் தொடங்கியவர் எண்பது வருடங்களுக்கு முன்னர் கட்டுவித்தது. மூன்று மாடி உயரம், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழாய்கள், முகப்பில் தங்கப் பூச்சு. சாமான் வாங்க வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் பார்த்தது அதன் முதுகை. பின்பக்கத்தில் குனிந்து நுழையும் ஒரு கதவு இருக்கிறது. உள்ளே பலகை நடைபாதை, இரண்டு பக்கமும் குழாய்கள். கீழ்த்தளத்துப் பாற்கட்டியின் நெடி, பன்றிக்கொழுப்பு, பெண்கள் பூசிப் பார்க்கும் வாசனைத் திரவியம் எல்லாம் மேலே எழுந்து அங்கே பிசுபிசுவென்று படியும். அதில் கம்பளி நூலும் தலைமயிரும் செத்த ஈக்களும் ஒட்டியிருக்கும். சுருதி சேர்க்க வருடத்துக்கு இரண்டு தடவை ஹோல்கர் என்ற முதியவர் வருவார். இந்தத் தூசியில் பாதி மனிதத் தோல் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று நான் மதியம் சாப்பிடவில்லை.

சுருதி சேர்ப்பவருக்கு, அவர் உள்ளே நிற்கும்போது வெளியே ஒருவர் கட்டைகளை அழுத்திப் பிடிக்க வேண்டும். எண்பத்தாறில் அந்த வேலையை எனக்குத் தந்தார்கள். நான் முத்திரை குத்துவதுபோல அழுத்துகிறேன் என்று ஹோல்கர் சொன்னார். அதில் தப்பில்லை, நான் முத்திரை குத்தியவன்தான்.

அந்த ஆண்டின் கடைசியில் அந்தோனிதாசனை என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அகதிகளுக்கு இருவருக்கு ஒரு வீடு. மன்னார், பேசாலைக்காரர். வயது முப்பத்துமூன்று, என்னைவிடப் பதினாறு குறைவு. தகப்பன் கடலுக்குப் போகிறவர். அதையெல்லாம் பார்க்கிற ஆள் நான் இல்லை. தெரிவிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அவர் சாப்பிடுவதை நீங்கள் பார்த்ததில்லை. சோற்றை மீன் குழம்பில் பிசைந்து உருட்டும்போது குழம்பு முழங்கை வரை வழியும். மீன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை உறிஞ்சுவார். கால் நகங்கள் மஞ்சள். நித்திரையில் வாய் திறந்திருக்கும், தலையணையில் ஈரம் வட்டமாகப் பரவும். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவார். வெளியே வந்து மூக்கைச் சீறிய கையாலேயே பாணை வெட்டுவார். அந்தப் பாண் துண்டை நான் வாயில் வைக்கமாட்டேன். ஆனாலும் அவருடைய சேட்டுகளை என்னுடையவற்றோடு சேர்த்து நான்தான் தோய்த்தேன். கடையில் துப்புரவு வேலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

அடுத்த வருடம் ஹோல்கர் வந்தபோது எனக்குக் காய்ச்சல். எனக்குப் பதிலாக அந்தோனிதாசன் கட்டைகளை அழுத்தினார். இடையில் ஹோல்கர் கோப்பி குடிக்கப் போனதும், அவர் பேசாலைக் கோவிலில் காதால் கேட்டுப் பழகிய ஒரு மாதா பாடலை வாசித்திருக்கிறார். அவ்வளவுதான். ஹோல்கர் முகாமையாளரைக் கூப்பிட்டார். முகாமையாளர் படியில் நின்று கேட்டார். ஒரு மாதத்துக்குள் அந்தோனிதாசன் வெள்ளைச் சேட்டுடன் தினமும் பன்னிரண்டு மணிக்கு வாசிக்கிறவர் ஆனார். நான் வாளியுடன் கீழே நின்றேன். டேனிஷ்காரப் பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி அவருடைய தலைமயிரைத் தொட்டுப் பார்த்தாள். வாசிக்கும்போது அவர் நாக்கு பல்லிடுக்கால் எட்டிப்பார்க்கும், தாடையில் எச்சில் மினுங்கும். அவர் எழுந்து போனதும் கட்டைகளை மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைப்பேன். யாரும் சொல்லாமலே செய்தேன்.

அவருக்கு ஊரில் மனைவி மேரிசெலின், மகள் மரினா. மகள் பிறந்து நாற்பது நாளில் அவர் வெளிக்கிட்டவர். அவர்களை அழைக்க எண்பத்தேழில் விண்ணப்பம் கொடுத்தார். படிவத்தை நிரப்பியது நான். சரியாக நிரப்பினேன், அதில் எந்தப் பிழையும் இல்லை. அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். தமிழர்களின் விண்ணப்பங்கள் எல்லாம் கோப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தன. ஒன்றரை வருடம். அந்தக் காலத்தில் எங்கள் வீடு அமைதியாக இருந்தது. அவர் மாலையில் வந்து மேசையில் இருப்பார், நான் சோறு போடுவேன்.

எண்பத்தொன்பது தை மாதம் கோப்புகள் அசையத் தொடங்கின. பங்குனியில் ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அண்ணை, செலினும் பிள்ளையும் வந்தால் நாங்கள் பிராண்டேக்குப் போயிடுவம். அங்கை பக்ரறியிலை வேலை எடுத்துத் தரலாமெண்டு ஒராள் சொல்லுறார்."

"அப்ப ஓர்கன்?"

"அது சும்மா ஒரு விளையாட்டுத்தானே அண்ணை. உங்களுக்கும் என்னாலை எவ்வளவு கரைச்சல். நான் போனால் நீங்கள் நிம்மதியா இருப்பியள்."

நிம்மதி என்ற அந்தச் சொல்லை அவர் மீன்முள்ளைத் துப்பிக்கொண்டே சொன்னார். முள் என் பக்கம் விழுந்தது.

மூன்று கிழமை கழித்து முதலாவது கடிதம் வந்தது. கடையில் கதைக்கத் தேவையான டேனிஷ் அவருக்கு வரும். அரசாங்கக் கடிதத்தின் டேனிஷ் வராது. கடிதங்களை எப்போதும் நான்தான் வாசித்துச் சொல்வேன். அதில் எழுதியிருந்தது சின்ன விஷயம். திருமணச் சான்றிதழின் பிரதியையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் ஆறு கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அவை இரண்டும் அவருடைய சூட்கேசில் வேதாகமத்துக்குள் இருந்தன. சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே. நாங்கள் நின்ற இடத்திலிருந்து மூன்று எட்டு.

"என்னவாம் அண்ணை?"

"பொறுத்திருக்கட்டாம்."

"இன்னும் எவ்வளவு காலமாம்?"

"அது எழுதேல்லை."

"ஏதும் அனுப்பச் சொல்லிக் கேக்கினமோ?"

"இல்லைத் தம்பி. நீர் கவலைப்படாதையும். எல்லாருக்கும் உதுதான்."

அவர் கடிதத்தை வாங்கி, விளங்காத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதில் முத்தமிட்டார். உதட்டில் எண்ணெய் இருந்தது. தாளில் அடையாளம் விழுந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி என்னிடமே தந்தார்.

நான் எந்தத் தாளையும் கிழித்தவன் அல்ல. கச்சேரியில் அது பெரிய குற்றம். வீட்டில் வைக்கவும் மனமில்லை. அடுத்த நாள் காலை ஓர்கனுக்குள் தூசி துடைக்கப் போனபோது, மூலையில் நின்ற பெரிய மரக்குழாயின் வாய்க்குள் தள்ளிவிட்டேன். பதினாறடி உயரம். பெருநாட்களுக்கு மட்டும் ஊதுகிற அடித்தொனிக் குழாய் அது. யாரும் உள்ளே பார்ப்பதில்லை.

ஆடி மாதம் எங்கள் தெருவில் இருந்த இரத்தினசிங்கத்தின் மனைவி தவமணி வந்து இறங்கினார். அந்தோனிதாசன் விமான நிலையத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இரத்தினசிங்கம் அண்ணை எனக்குப் பிறகுதானே அண்ணை விண்ணப்பம் போட்டவர்? ஒருக்கா டெலிபோன் எடுத்துக் கேப்பமே?"

"அடிக்கடி கேட்டால் கோவத்திலை உம்மடை கோப்பை அடியிலை போட்டிடுவினம். கந்தோர் வேலை எனக்குத் தெரியும்."

அவர் தலையாட்டினார். என்னை அவ்வளவு நம்பினார். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஒரு வெறுப்பு வரும். நாயைத் தடவிய கையில் ஒட்டும் ஈரம் போன்றது அது.

புரட்டாதியில் இரண்டாவது கடிதம் வந்தது. கேட்ட ஆவணங்கள் வராததால் விண்ணப்பத்தை மூடிவிட்டதாகவும், வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அதையும் வாசித்தேன். பொறுத்திருக்கச் சொல்கிறார்கள் என்றேன். இம்முறை அவர் முத்தமிடவில்லை. குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். இந்தக் கடிதத்தை என் மெத்தைக்குக் கீழே வைத்தேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் அந்தப் பெரிய மரக்குழாய் பேச மறுத்தது. அந்தோனிதாசன்தான் முதலில் கண்டுபிடித்தார். "அண்ணை, அந்தக் குழாய்க்கு மூச்சு முட்டுது" என்று நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல என்னிடம் சொன்னார். ஹோல்கரை வரவழைத்தார்கள். கடை திறக்குமுன் காலை ஏழு மணிக்கு நாங்கள் மூவரும் உள்ளே நின்றோம். ஹோல்கர் விளக்கை அடித்து, வாய்க்குள் ஏதோ அடைத்திருக்கிறது என்றார். அவருடைய கை தடித்தது, உள்ளே போகவில்லை. அந்தோனிதாசன் சேட்டுக் கையை மடித்தார். நான் அவரை விலக்கி, என் கைதான் மெலிந்தது என்று சொல்லி உள்ளே விட்டேன்.

எலி கூடு கட்டியிருந்தது. கடிதத்தின் ஓரங்களைக் கடித்துத் துருவிப் படுக்கை போட்டிருந்தது. தாய் எலி செத்துக் கனநாள், தொட்டதும் தோல் கழன்று விரலோடு வந்தது. தாளையும் எலியையும் சேர்த்து ஒரே பிடியாக வெளியே எடுத்தேன். அந்த நாற்றத்தில் ஹோல்கர் முகத்தைத் திருப்பி, உடனே எறியும்படி கை காட்டினார். அந்தோனிதாசன் வாயைப் பொத்திக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினார். மனிதர்கள் அருவருக்கிற ஒன்றை உற்றுப் பார்ப்பதில்லை. தாளை என் வேலையுடுப்பின் பையில் வைத்தேன். எலியை வாளியில் போட்டேன். அதன்பின் குழாய் ஊதியது. அவ்வளவு தாழ்ந்த தொனி காதில் கேட்பதில்லை, வயிற்றில்தான் கேட்கும். அந்தோனிதாசன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"உங்களை விட்டால் ஆரண்ணை இதுக்குள்ளை கை வைப்பினம்" என்றார்.

இரண்டு கடிதங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். முதலாவதில் உள்ள கறைகளுக்கு மன்னிக்கவும். திகதியும் கோப்பு இலக்கமும் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன.

தொண்ணூறு ஆனியில் மறுபடி சண்டை தொடங்கியது. மன்னார்ச் சனங்கள் படகுகளில் இந்தியாவுக்குப் போனார்கள். ஆவணியில் மேரிசெலினும் மரினாவும் ஏறிய படகு கவிழ்ந்தது. தாயின் உடலை அடுத்த நாள் எடுத்தார்கள். பிள்ளையை எடுக்கவில்லை. பிள்ளைக்கு ஐந்து வயது. மேரிசெலினின் தம்பி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து எழுதினார். கடிதம் தமிழில் இருந்தது. அதனால் அந்தோனிதாசனே வாசித்தார்.

அதற்குப் பிறகு அவர் ஓர்கனில் உட்காரவில்லை. கட்டிலில் படுத்தவர் எழும்பவில்லை. கடையில் ஒரு மாதம் பார்த்துவிட்டு வேறு ஒருவரைப் பிடித்தார்கள். டேனிஷ்காரன், சரியாக வாசித்தான், நான் அண்ணாந்து பார்க்கவில்லை. கடந்த வருடம் நானும் வேலையை விட்டேன். இவரைத் தனியே விட முடியவில்லை. காலையில் முகம் துடைத்துவிடுகிறேன். சோற்றைக் குழைத்து ஊட்டுகிறேன். நகம் வெட்டிவிடுகிறேன். சில நாட்களில் படுக்கையை மாற்ற வேண்டியிருக்கும், அதையும் செய்கிறேன். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், இப்போது எனக்கு அருவருப்பே இல்லை. அவருடைய எச்சிலை என் கையால் துடைக்கிறேன், எனக்கு ஒன்றும் செய்வதில்லை. இந்த இரண்டு வருடமும் அவர் ஒரு தடவைகூடப் பிராண்டேயைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய திருத்தம் ஒன்றுதான். பட்டியலில் இருந்து அந்தோனிதாசனின் பெயரை எடுத்துவிடுங்கள். மற்றவர்களுடைய தாமதத்துக்கு இந்த நாடு பதில் சொல்லட்டும். ஒன்றரை வருடம் அவர்கள் இவரையும் காக்க வைத்தார்கள், உண்மைதான். ஆனால் அதன்பின் கதவைத் திறந்துவிட்டு இரண்டு தாள்தான் கேட்டார்கள். அவற்றைக் கொடுக்காதது நான். மேரிசெலினையும் மரினாவையும் அந்தப் படகில் ஏற்றியது நான். இதை வெட்டுத்திருத்தம் இல்லாமல் ஒரே தடவையில் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும். வழக்கில் நடக்காத ஒன்று நடந்ததாகப் பதிவாகக் கூடாது. எழுத்து வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கு அது முக்கியம்.

பொலிஸ் வரும் என்று நினைக்கிறேன். வரட்டும். காலை பத்து மணிக்குப் பிறகு வந்தால் நல்லது, அதற்கு முன் அவரைக் குளிப்பாட்ட வேண்டும்.

உண்மையை அந்தோனிதாசன் அறிய வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் நேரில் வந்து சொல்ல வேண்டாம், அவர் புது முகங்களைக் கண்டால் பயப்படுகிறார். உங்கள் அலுவலகத்திலிருந்து டேனிஷில் ஒரு கடிதம் எழுதி அவருடைய பெயருக்கு அனுப்பிவிடுங்கள். நான் அவருக்கு வாசித்துச் சொல்கிறேன்.