ஆண்கள் பக்கத்து ஃப்ளாஸ்க்

சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டிதான் பொருத்தம். கல்கத்தாவில் நல்ல கருப்பட்டிக்கு எங்கே போவது? குளிர்காலத்தில் நான் நொலேன் குர் போட்டுவிடுவேன், இந்த ஊர் ஈச்ச வெல்லம். அதன் மணத்துக்கு முன்னால் எந்தக் கசப்பும் தெரியாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஸார். தமிழ் தெரிந்த அதிகாரி கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

முதலில் என் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிடையர் ஆன நாளிலிருந்து அது சண்டித்தனம் செய்கிறது. காலையில் பாத்ரூமில் உட்கார்ந்து பேப்பரை வரி விளம்பரம் வரை படித்தாலும் பலன் இல்லை. கிடர்பூரில் ஒரு நாட்டு வைத்தியர் காட்டுக் காளானில் இறக்கிய சாறு ஒரு பாட்டில் கொடுத்தார். பரம்பரை மருந்து, பக்கவிளைவே கிடையாது என்றார். சொல்லிவிட்டால் ஆயிற்றா? நான் பிஸ்கட் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் தரக்கட்டுப்பாடு பார்த்தவன். சோதிக்காத வஸ்துவை வாயில் வைக்க மாட்டேன்.

எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அது பிள்ளையாரின் வாகனம். அந்தப் பாவம் எனக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்.

காளிகாட்டில் எங்கள் பஜனை சபை சனிக்கிழமை காலையில் கூடும். ஆண்களுக்கு ஒரு ஜமக்காளம், பெண்களுக்கு ஒரு ஜமக்காளம், பக்கத்துக்கு ஒரு ஃப்ளாஸ்க். காப்பி என் கைங்கரியம். ஆண்கள் ஃப்ளாஸ்கில் சாற்றைக் கலந்தேன், பெண்கள் ஃப்ளாஸ்கில் கலக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா. இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு எந்த லேபில் கிடைக்கும்?

ஆண்கள் ஒன்பது பேர். இரண்டாம் வாரமே நாமாவளிக்கு நடுவில் ஒவ்வொருவராக எழுந்து பாத்ரூமை நோக்கி ஓடினார்கள். ஒருவர் ஜால்ராவைக் கையில் பிடித்தபடியே போனார். பெண்கள் பக்கம் தாளம்கூடத் தப்பவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. எனக்கோ பொறாமை தாங்கவில்லை. இருந்தாலும் அவசரப்படவில்லை. வேலை செய்வது வேறு, ஆபத்தில்லாமல் இருப்பது வேறு.

நாலாம் வாரம் பார்த்தசாரதிக்குக் கண் மஞ்சளானது. நாற்பது வருஷ சிநேகிதன். சபையில் முதல் குரல் அவனுடையது. மற்றவர்கள் ஒரு டம்ளர் குடித்தால் அவன் இரண்டு குடிப்பான். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், கல்லீரல் என்றார்கள். அவன் பெண் மதுவந்தி, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னை வங்காளிகள் சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி காக்கு என்பாள், அழுத முகத்தோடு வராந்தாவுக்கு வந்தாள்.

"காக்கு, பாபா வெளில ஏதாவது சாப்ட்டாரா? காரணம் தெரிஞ்சா காப்பாத்திடலாம்னு டாக்டர் சொல்றார்."

"உங்கப்பா வெளில பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டானேம்மா," என்றேன். உண்மைதானே. எங்கள் சபை வெளியிடம் ஆகுமா?

இரண்டு நாளில் கொஞ்சம் தேறி எழுந்து உட்கார்ந்தான். அங்கேதான் எனக்குச் சிக்கல். காப்பி நின்றதால் தேறினானா, தானாகத் தேறினானா? மஞ்சள் காமாலை யாருக்குத்தான் வருவதில்லை. ஒரு தடவை நடந்ததை வைத்து ரிப்போர்ட் எழுத முடியாது ஸார். மறுநாள் ஃப்ளாஸ்கோடு போனேன். மதுவந்திதான் ஸ்பூனால் புகட்டினாள்.

"டேய் சந்தானம், இந்தக் காப்பிக்காகவே பொழைச்சு வந்துடுவேண்டா," என்றான் பார்த்தசாரதி.

செவ்வாய்க்கிழமை போய்விட்டான். எனக்கும் துக்கம்தான், பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் 'பாதுகாப்பற்றது' என்று எழுதிவிட்டு மீதிச் சாற்றைச் சாக்கடையில் கொட்டினேன். அந்த நோட்டுதான் உங்கள் மேஜையில் இருக்கிறது.

ஆமாம், நான்தான் கொடுத்தேன். இரண்டாம் தடவை தெரிந்தே கொடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஓர் உபகாரம். மதுவந்தி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். நீங்களாவது அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவள் அப்பா வீணாகப் போகவில்லை. அந்தச் சாறு என் வாயில் ஒரு சொட்டுக்கூடப் படாமல் காப்பாற்றியவன் அவன்தான். கேட்டால் குழந்தைக்கு மனசு ஆறும்.