மடியில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் உரக்கச் சொன்னார்: "நீ சொல்ற எண்பது பேர் ஆர்க்கெஸ்ட்ராவும் என் மடியிலதான்டா இருக்கு."

எட்டிப் பார்த்தேன். மடியில் இருந்தது உறை போட்ட கீபோர்டு. பக்கத்திலிருந்த நண்பர் கித்தார் பையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தார். இருவருக்கும் ஒரே கச்சேரிக் குழுவின் ஜிகினாச் சட்டை. ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, அன்று காலை வெளியான ஏதோ வெளிநாட்டு சிம்பொனிக் மெட்டல் ஆல்பத்தை, அதாவது ராக் இசையோடு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவைக் கலந்த பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா கேளு மச்சான். மூணு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கெடந்தேன்" என்றார் கித்தார்காரர்.

"வயலினா இது? என் கீபோர்டுல ஒரு பட்டன். பின்னாடி ஊரே கூடி ஓன்னு பாடுதே, அது பக்கத்து பட்டன். பாடுற அந்தம்மா மட்டும்தான் நெசமா கத்துது. டிரம்ஸ்காரனுக்கு ஏதோ பஸ்ஸப் புடிக்கற அவசரம்."

"நாலாவது பாட்டக் கேட்டுட்டுப் பேசு."

"கேட்டேனே. மொதப் பாட்டேதான், கொஞ்சம் ஜாஸ்தியா அழுவுது. கல்யாணத்துல பொண்ணு மேடைக்கு வர்றப்ப நான் வாசிப்பேன்ல, அச்சு அசல் அதேதான்."

கித்தார்காரர் பாட்டை நிறுத்தினார்.

"அதே பட்டன்தான? அதை அமுக்கிட்டு அவுங்க உலகத்தையே சுத்துறாங்க. நீ அதை அமுக்க சேத்தியாத்தோப்புக் கல்யாணத்துக்கு பஸ்ல போற."

கீபோர்டுக்காரர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார். புதுச்சத்திரம் தாண்டியதும் அதை மறுபடி காதில் செருகிக்கொண்டார்.

"அந்த நாலாவதைத் திருப்பிப் போடு. கடைசில ஒரு ஏத்தம் வந்துச்சே, அதப் புடிச்சுக்கறேன். இன்னிக்குப் பொண்ணு அதுக்குத்தான் நடந்து வரும்."