வெடிக்காத மாதங்கள்

உளவியல் வகுப்பு முடிந்து, சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவருக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை.

"மருந்து ரூம் வெடிச்சதுக்கு ஒன் மதினிதான் காரணமாம். தீட்டோட உள்ள வந்துட்டாளாம்" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

மற்றவள் வெடுக்கென்று திரும்பினாள். "வெந்து ஆஸ்பத்திரியில கெடக்கவ மேலயா பழி? எட்டு வருசமா அந்த நாள்லயும் வேலைக்கு வந்தவதான அவ. வெடிக்காத மாசத்த எவளாச்சும் எண்ணுனீகளா?"

"கோவப்படாத தாயி. எல்லாரும் சொல்லுதாக."

"எல்லாரும்னா யாரு? பாத்தது யாரு?"

"நான் பாக்கல. நம்ம கூட வேலை பாக்குத செல்வி சொன்னா."

"செல்விக்கு யாரு சொன்னா?"

"போர்மேன். நாளைக்கு ஆபீசர் விசாரணைக்கு வந்தா நம்மளையும் அப்படியே சொல்லச் சொன்னாரு."

"நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்ல அன்னைக்கு ஒம்போது பேர உக்கார வச்சது யாரு?"

ஜன்னலோரம் இருந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருதான்."

"இத நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப நாளைக்கு நீ பாத்தத ஆபீசர்ட்ட சொல்லு. பாக்காதத அந்தாளே வந்து சொல்லட்டும்."