கல்யாணம் முடக்கி

அந்த பிளக்ஸத்தான கேக்குதிய? உள்ளதாக்கும் அண்ணாச்சி. எங்க ஊரு பயலுவதான் ஜங்ஷன்ல வச்சானுவ. கல்யாணம் முடக்கிகளே, கையில கிட்டினா கால் முட்டு ஒடையும்னு எழுதியிருக்கும். பின்ன என்ன செய்வானுவ, பாவங்க. பொண்ணு வீட்டுல இருந்து ஒருத்தரு விசாரிக்க வந்தா போதும், சாயாக்கடையில இருக்குததுவ, பையன் குடிப்பான், கள்ளம் சொல்லுவான்னு எடுத்து விட்டுரும். வந்தவரு அடுத்த பஸ்ஸுல திரும்பீருவாரு. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்க காலு ஆடும். இதுல இரிங்க.

ஒங்க மவளுக்குப் பாக்குத இந்த அடுத்த வீட்டு சுபினப் பத்தி எனக்கிட்ட கேட்டா உள்ளத சொல்லுவேன்னாவளா? அப்படித்தான் சொல்லுவாவ. எங்க சபையில சனிக்கிழமதோறும் சாயங்காலம் கிறிஸ்தவ ஒழுக்கவியல்னு ஒரு படிப்பு நடக்குது. ஜெபிக்க வீடு வீடாட்டு சந்திக்கப் போற பொம்பளையெல்லாம் படிக்கணுமாம். ஊழியத்துக்கு மட்டும் இல்ல, அன்னாட வாழ்க்கைக்கும்னு பொஸ்தகத்து அட்டையிலயே போட்டிருக்கு. எங்க சபைப் போதகரு எபிசன் ஐயரு நடத்துதாரு. எனக்க மவன் வயசுதான் இருக்கும், ஆனா ஒரு கேள்வி கேட்டாருன்னா நாங்க எல்லாம் பொஸ்தகத்தப் பொரட்டத் தொடங்கீருவோம்.

படிக்கத் தொடங்குன பெறவு வீட்டுலதான் பெரிய பாடாப்போச்சு. நேத்தைக்குள்ள மீனு எப்படி இருந்துன்னு மீன்காரி கேப்பா. மின்னயெல்லாம் கொள்ளாம், நல்லா இருந்துன்னு சொல்லி அனுப்பீருவேன். இந்த தடவ, நாறிச்சு மக்களேன்னு சொல்லிப்போட்டேன். அதுக்குப் பெறவு எங்க நடையில அவ நிக்கதே இல்ல. எங்க வீட்டுக்காரரு வெறும் ரசத்தை ஊத்தித் தின்னுட்டு ஒழுக்கவியல ஏசுதாரு.

சரி, சுபினுக்கு வாறேன். அவனுக்க அப்பா ராஜையனுக்கும் எங்களுக்கும் பேச்சு கெடையாது, அத முதல்லயே சொல்லீருதேன். அவருக்க பலா மரம் எங்க மதிலுக்கு இங்கோட்டு சாஞ்சு நிக்குது. விழுற சக்க யாருக்குன்னு தொடங்குன சண்ட. ஆனா பய தங்கமாக்கும். மஸ்கட்டுல ஏசி மெக்கானிக்கு வேல. குடி கெடையாது. போன லீவுல, அப்பனும் நானும் சக்கைக்கு மொறச்சுக்கிட்டு நிக்கோம், இவன் அத வெட்டிப் பாதிய மதிலு மேல வச்சிட்டுப் போறான். இல்ல, மஸ்கட்டுல வேற குடும்பம் ஒண்ணும் இல்ல. யாரு சொன்னாலும் நம்பாதிய.

எழும்பாதிய, இன்னும் ஒண்ணு உண்டும்.

போன சனிக்கிழம ஐயருட்ட ஒரு கேள்வி கேட்டேன். பொய் சொல்லப்பிடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு உண்மையச் சொன்னா லாபம் நமக்குன்னா, சொல்லலாமா, வாயப் பொத்திட்டு இருக்கணுமா? பொஸ்தகத்துல அது இல்ல. மனுசன் பொஸ்தகத்த மூடி வச்சாரு. பெறவு, சொல்லுங்க, ஆனா லாபம் யாருக்குன்னும் சேத்துச் சொல்லிப்போடுங்கன்னாரு.

அதுனால சொல்லுதேன். சுபினுக்கும் எனக்க மவ ஜாஸ்மிக்கும் இஷ்டம். கொஞ்ச காலமாட்டு உள்ளதுதான். அப்பங்கிட்ட சொல்ல அவனுக்குப் பயம். ராஜையன் போன்ல பேசினா மதிலுக்கு இங்க கேக்கும், நீங்க வாற விசயம் அப்படித்தான் தெரிஞ்சுது. அதுல இருந்து எனக்க பிள்ள சரியாட்டு சோறு தொடல்ல. வாறவருட்ட நான் சொல்லட்டான்னு காலையில கேட்டேன். சொல்லும்மா, அவனுக்குத்தான் வாயில்லன்னா.

அவ அவனக் கட்டிக்கிட்டா எனக்க கண்ணு முன்னாலயே இருப்பா. லாபம் எனக்குத்தான் அண்ணாச்சி, மறைக்கல்ல. ஒங்க மவளுக்கு இதவிட நல்ல எடம் கிட்டணும்னு ஜெபிக்கேன், அதும் உள்ளதுதான்.

சிரிக்குதியளே. அப்போ கோவம் இல்ல. ஒரு ஒவகாரம் செய்வியளா? ராஜையன் அந்தா அவருக்க வீட்டு முத்தத்துலதான் நிக்காரு. வேண்டாம்னு சொல்ல அங்கோட்டுதான போவிய, காரணத்தையும் சேத்துச் சொல்லீருங்க. எங்களுக்குள்ள பேச்சு இல்லல்லா.